செப்புக்குடம் ஏன் மறுபடியும் மங்குகிறது

அந்தக் காலத்தில் பாத்திரங்கள் பேசின. மரமும் மாடும் காக்கையும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. குடமும் குண்டானும் பேசியதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆனால் பாத்திரங்கள் தங்களைத் தேய்த்துக் கழுவுகிற கையோடு மட்டும்தான் பேசும். அதனால் வீட்டு ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பாத்திரம் பேசும் என்பதே தெரியாது. பாத்திரம் அடிக்கிற கன்னாருக்கு அவற்றின் பேச்சு நன்றாகவே கேட்கும். கேட்காததுபோல் இருந்துவிடுவார். அவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே.

அந்தக் காலத்துச் செம்புக்கு ஒரு விதி இருந்தது. கன்னாரின் உலையிலிருந்து வரும்போது முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று வரும். பல வருஷம் அப்படியே மினுங்கும். பிறகு ஒருநாள் கறுக்கத் தொடங்கும். கறுத்தால் கறுத்ததுதான், அதற்கு மாற்று கிடையாது. திரும்பவும் உலைக்குப் போய், உருகி, அடி வாங்கி, புதுக்குடமாக வெளியே வர வேண்டும். வரும்போது மினுமினுப்பு இருக்கும், பழைய ஞாபகம் ஒன்றுகூட இருக்காது. யார் வீட்டில் இருந்தோம், யார் இடுப்பில் ஏறிப் போனோம் என்று எதுவும் அதற்குத் தெரியாது. அதே செம்புதானே என்று ஊரார் சொல்வார்கள். ஆவுடையைக் கேட்டால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

ஆவுடை, புன்னைக்கரை என்ற ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். அவளுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். கல்யாணத்துக்கு முந்தின கோடையில் அம்மாவும் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டாள். தாய்வீட்டுச் சீர் என்று அவளோடு வண்டியேறி வந்தது ஒரே ஒரு செப்புக்குடம். அவள் அம்மா காலமெல்லாம் தண்ணீர் எடுத்த குடம்.

அந்தக் குடம் அவளை "ஏட்டி ஆவுடை" என்று இழுத்துத்தான் கூப்பிடும். அம்மா கூப்பிட்டதும் அப்படித்தான். கிணற்றடிக்குப் போகிற வழியெல்லாம் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் பேசும்.

"உனக்குப் பல்லு முளைக்கையில என் கழுத்தைத்தான் கடிச்சே. உங்கம்மை என்ன சொன்னா தெரியுமா? 'இவளுக்குச் செம்பே பத்தாது, இரும்புதான் வேணும்'னா."

"பொய் சொல்லாத."

"நான் எதுக்குப் பொய் சொல்லுதேன்? உங்கம்மை சிரிச்ச சிரிப்பு இன்னும் என் வயித்துக்குள்ளதான் கிடக்கு."

சில நாட்களில் ஆவுடை குடத்தின் வாயில் காதை வைத்துக் கேட்பாள். அப்போது குடம் அவளுடைய அம்மாவைப்போலவே ஒரு சிரிப்புச் சிரித்துக் காட்டும். ஆவுடை சின்னவளாக இருந்தபோது எப்படி இருந்தாள் என்று சொல்ல இந்த உலகத்தில் அதைவிட்டால் ஆள் இல்லை.

அப்படிப்பட்ட குடம் கறுக்கத் தொடங்கியது. முதலில் அடிப்பக்கம், அப்புறம் வயிறு, அப்புறம் கழுத்து என்று ஏறி, அம்மன் கொடைத் திருவிழா நெருங்குகிற சமயத்தில் அடுப்புக்கட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. புன்னைக்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கொடையன்று வீட்டுக்கு ஒரு மருமகள் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் அம்மன் பீடத்தைக் கழுவ வேண்டும். பூசாரி குனிந்து குடத்தைப் பார்ப்பார். முகம் தெரிந்தால் உள்ளே விடுவார், இல்லாவிட்டால் குடத்துக்கும் சரி, கொண்டுவந்தவளுக்கும் சரி, வாசலோடு சரி. அதனால்தான் கொடைக்கு முன்பு குழைக்காதர் என்ற கன்னார் மாட்டு வண்டியோடு வந்து, கறுத்த பாத்திரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போவார்.

ஆவுடையின் மாமியார் பிச்சம்மாவுக்கு வாய்தான் காரம். தட்டு நிறையச் சோற்றை வைத்துவிட்டுத்தான் திட்டவே தொடங்குவாள். அவள் ஒருநாள் சொன்னாள்: "ஏளா, கன்னாரு நாளைக்கு வாராவ. உன் குடத்தைக் குடுத்திரு. அதே செம்புதான திரும்பி வரப்போவுது."

"செம்பு வரும் அத்தை. அது வராதே."

"எனக்குந்தான் ஒரு குடம் இருந்துச்சு," என்றாள் பிச்சம்மா. "எங்க அய்யா வாங்கிக் குடுத்தது. உருகி உருகி வந்து, இப்பம் என்னையப் பாத்து நீ யாருங்கு. என்ன செய்யச் சொல்லுத? கோயில் காரியம்."

அன்றைக்கே ஆவுடை குடத்தைக் கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முதலில் அடுப்புச் சாம்பலை அள்ளித் தேய்த்தாள். சாம்பல் சாது. "பிசுக்குன்னா சொல்லும்மா, ஒரு நிமிசத்துல போக்கிருதேன். இது பிசுக்கு இல்ல, வயசு," என்று சொல்லி உதிர்ந்துவிட்டது. பூந்திக்கொட்டையை ஊறப்போட்டுத் தேய்த்தாள். அது நுரைத்த நுரையைப் பார்த்தால் ஊரையே வெளுத்துவிடும்போல் இருந்தது. துடைத்துப் பார்த்தால் அதே கறுப்பு. கடைசியில் செங்கல்லைப் பொடித்துப் போட்டு அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு கொஞ்சம் போயிற்று, கூடவே குடத்தின் தோலும் போயிற்று.

"ஏட்டி, செங்கல்லு என்னை உரிக்குதே," என்று குடம் அழுதது.

ஆவுடை செங்கல் பொடியைத் தட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள். குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமைக்கப் போனாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று புளிக்குழம்பு. ஊறிய புளியைக் கரைத்துப் பிழிந்து, சக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். எல்லா வீட்டிலும் புளிச்சக்கைக்குப் போக்கிடம் குப்பைக்குழிதான். அவளும் குழியைப் பார்த்துத்தான் எறிந்தாள். கண் நிறையத் தண்ணீராக இருந்ததால் குறி தப்பி, சக்கை போய்க் குடத்தின் தோளில் சொத்தென்று விழுந்தது. பட்ட காலிலேயே படும் என்று தன்னை நொந்துகொண்டு, அதை வழித்தெடுக்கக் குனிந்தாள். சக்கை கிடந்த இடம், பிறந்த குழந்தையின் உள்ளங்கால்போலச் சிவந்து மினுங்கியது.

"எடுத்து எறிஞ்சிராத தாயி," என்றது சக்கை. "இன்னும் கொஞ்சம் எங்கிட்ட மிச்சம் இருக்கு."

ஆவுடை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை காலம் புளி பிழிந்தும் புளி பேசி அவள் கேட்டதில்லை.

"பிழியுத வரைக்கும் நான் பேசுறதில்லம்மா," என்றது அது. "பேசினாலும் குழம்பு கொதிக்கிற சத்தத்துல யாருக்குக் கேக்கும்? பிழிஞ்ச பிறகு பேசலாம்னா, அதுக்குள்ள குழிக்குப் போயிருவேன். ஒருத்தர் மேல சாஞ்சு கிடந்ததே இன்னைக்குத்தான். தேச்சுப் பாரேன்."

ஆவுடை தேய்த்தாள். கறுப்பு கரைந்து புளித்தண்ணீரோடு வழிந்தது. கழுத்து சிவந்தது, தோள் சிவந்தது, வயிறு சிவந்தது. "கூசுது, கூசுது" என்று குடம் சிரித்து உருண்டது. அந்தச் சிரிப்பில் அவள் அம்மா சிரித்தாள். ஆவுடை குனிந்து பார்த்தாள். குடத்தின் வயிற்றில் அவள் முகம் தெரிந்தது. அழுதுகொண்டே சிரிக்கிற முகம். இனி உலை வேண்டாம், கன்னார் வேண்டாம், எதையும் மறக்க வேண்டாம் என்று நினைத்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கழுவுவதற்குத் தண்ணீர் மொண்டாள். அப்போது சக்கை மெல்லக் கேட்டது: "இனிமே குழிக்கா?"

மொண்ட தண்ணீர் கையிலேயே நின்றது.

"பிழியாத புளிக்குப் பானை இருக்கு," என்றது சக்கை. "உப்புக்கு மரவை இருக்கு. உமிக்குக்கூடக் குதிர்ப் பக்கத்துல ஒரு மூலை இருக்கு. எனக்குத்தான் ஒன்னும் இல்ல. ஒரே ஒரு ராத்திரி வீட்டுக்குள்ள இருந்துட்டுப் போறேனே."

"இருக்கட்டுமே ஏட்டி," என்றது குடம். "என் வயித்துல இடமா இல்ல?"

ஆவுடை என்ன செய்வாள்? அவளே அடுத்தவர் வீட்டில் ஒரு மூலை கிடைத்து வந்தவள். சக்கையைக் கொஞ்சம் தண்ணீரோடு குடத்துக்குள் போட்டு, மேலே ஒரு தட்டை மூடி, சமையல்கட்டு மூலையில் வைத்தாள். இரக்கத்தில்தான் செய்தாள். ஆனாலும் அதுதான் தப்பு.

மறுநாள் காலையில் ஆவுடை விறகு பொறுக்கப் போயிருந்தாள். பிச்சம்மாவுக்கு ஜலதோஷம். மிளகு ரசம் வைத்துக் குடிக்கலாம் என்று சமையல்கட்டுக்கு வந்தவள், மூலையில் மினுங்கிய குடத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள். தட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே புளித்தண்ணீர். "பரவால்லயே, குடத்தையும் வெளக்கி, புளியையும் கரைச்சு வச்சிட்டுல்ல போயிருக்கா," என்று மருமகளை மெச்சிக்கொண்டு, அந்தத் தண்ணீரை அப்படியே சட்டியில் ஊற்றி ரசம் வைத்தாள். சூட்டோடு ஒரு செம்பு குடித்தாள்.

ஆவுடை விறகுக்கட்டோடு திரும்பியபோது வாசல் நிறையக் கூட்டம். பிச்சம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆவுடையின் புருஷன் நம்பி காட்டிலிருந்து ஓடிவந்து அம்மாவைத் தாங்கிப் பிடித்திருந்தான். பக்கத்து வீட்டு மாரியாயி குடத்தைக் கொல்லைக்குத் தூக்கிப்போய், அதில் கிடந்த சக்கையைக் குழியில் கொட்டிவிட்டு, வாசலுக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் உள்பக்கத்தைக் காட்டினாள். தூர்வாராத கிணறுபோல உள்ளே பச்சைப் பசேலென்று பூத்திருந்தது.

"பாத்துக்கோங்க," என்றாள் மாரியாயி. "மாமியாக்காரிக்கு விசம் கரைச்சுல்ல வச்சிருக்கா."

நம்பி ஆவுடையைப் பார்த்தான். நம்பவில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, நம்புகிறேன் என்று சொல்லவும் வரவில்லை. அந்தப் பார்வை ஆவுடையைச் சுட்டது. அவள் போய்க் குடத்தைத் தொட்டாள்.

"ஏட்டி," என்றது குடம். குரலே இல்லை. "தெரியாம செஞ்சிட்டோம். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு விடிய விடிய கதை பேசினோம். அது என்னை விடல, நானும் அதை விடல. இறுக்கிப் பிடிச்சதுல என் உடம்பே கரைஞ்சு அதுக்குள்ள போயிட்டு."

இந்த நேரம் பார்த்துக் குழைக்காதர் கன்னாரின் வண்டி தெருமுனையில் வந்து நின்றது. அவர் குடத்தை வாங்கிப் பார்த்தார். அது பேசியது அவருக்கும் கேட்டது. வழக்கம்போலக் கேட்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "களிம்பு ஏறிட்டு," என்றார். "உலையில போட்டா எல்லாம் போயிரும். ஏத்துங்க வண்டியில."

"புளியை இனி ஒரு வீட்டுக்குள்ளயும் சேக்கக் கூடாது," என்றாள் மாரியாயி. "மரத்தையே வெட்டணும்."

நம்பி குடத்தைத் தூக்கி வண்டிப் பக்கம் நடந்தான். ஆவுடை குறுக்கே போய் நின்றாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவனை மறித்து நின்றதில்லை.

"புளியை உள்ள வச்சது நான்தான்," என்றாள். "அது கேட்டுது, நான் இடம் குடுத்தேன். விசம்னு தெரியாது. அத்தைக்கு ஒன்னுன்னா என்னை என்ன வேணாலும் செய்யுங்க. இதை மட்டும் உருக்காதீங்க. எங்கம்மைன்னு சொல்லிக்க எனக்கு வேற ஒன்னும் இல்ல."

கூட்டம் முணுமுணுத்தது. அதற்குள் பிச்சம்மாவுக்கு வாந்தி நின்றிருந்தது. யாரோ கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் பாயில் சாய்ந்திருந்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "எலே நம்பி, அதைக் கீழ வையி. எனக்கு விசம் வைக்கதுன்னா அவ எதுக்கு மெனக்கெட்டுக் குடத்தை வெளக்கிக்கிட்டு இருக்கா? திங்கத் தெரியாம தின்னவ நான். மாரியாயி, நீ கொஞ்சம் வாயை மூடு. ஆவுடை, இங்க வா. ஒன்னே ஒன்னு சொல்லு. நேத்து தேச்சதும் மினுங்குச்சா?"

"மினுங்குச்சு அத்தை. முகம் தெரிஞ்சுது."

"தேச்சதும் மினுங்குச்சு. விட்டு வச்ச பிறகு கெட்டுது. அப்பம் புளி கெட்டது இல்ல, செம்பும் கெட்டது இல்ல. சேந்தே கிடந்தாத்தான் கெடுது." பிச்சம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னொரு தடவ தேயி. பச்சை போகலேன்னா நானே கன்னாரு கையில தூக்கிக் குடுக்கேன். கன்னாரே, செத்த நேரம் மாட்டை அவுத்து விடுங்க."

ஆவுடை குப்பைக்குழிக்கு ஓடினாள். வாழைச்சருகுக்குக் கீழே சக்கை சுருண்டு கிடந்தது.

"வேண்டாம் தாயி," என்றது. "என்னைத் தொடாத. நான் யாரையும் தொடக் கூடாதவ."

"நீ வராட்டா அது உலைக்குப் போயிரும்."

"அப்பம் ஒரு சத்தியம் பண்ணிக் குடு," என்றது. "தேச்ச கையோட என்னைக் கழுவி விட்டிரணும். நான் அழுதாலும் சரி, அது கூப்பிட்டாலும் சரி, தங்க விடக் கூடாது."

ஆவுடை அதை அள்ளிக் கையில் எடுத்தாள். சத்தியம் என்று தலையை ஆட்டினாள்.

ஒரு பிடி கல் உப்பையும் சேர்த்துக்கொண்டு, குடத்துக்குள் கையை விட்டுத் தேய்த்தாள். பச்சை கரைந்தது. உள்ளும் புறமும் செக்கச் செவேலென்று வந்தது. இந்தத் தடவை குடம் சிரிக்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியும்.

"இனிமே நான் உனக்குத் தேவைப்பட மாட்டேன்," என்றது சக்கை. "மினுங்கிட்டே. மினுங்குன செம்பு வருசக்கணக்கா மினுங்கும். நல்லா இரி."

ஆவுடை தண்ணீரை மொண்டு தூக்கினாள். அப்போதுதான் குடம் கேட்டது.

"நான் கறுத்தா வருவியா?"

"நீ எதுக்குக் கறுக்கணும்?"

"கறுத்தா வருவியான்னு கேட்டேன்."

"வருவேன்," என்றது சக்கை.

"அப்பம் நான் கறுத்துக்கிடுதேன்."

ஆவுடை தண்ணீரை ஊற்றினாள். இரண்டு முறை, மூன்று முறை ஊற்றி, ஒரு துளி புளிப்பு இல்லாமல் கழுவித் துடைத்தாள். சத்தியம் செய்து கொடுத்திருந்தாளே. எட்டி நின்று பார்த்த நம்பிக்கு, இவள் ஏன் இப்படி அழுதுகொண்டே குடம் கழுவுகிறாள் என்று புரியவில்லை. ஆனால் பக்கத்தில் வந்து, வாளியை வாங்கி, கடைசித் தண்ணீரை அவன் மொண்டு கொடுத்தான். வீட்டில் அவன் பாத்திரத்தில் கைவைத்தது அதுதான் முதல் தடவை.

கன்னார் வெறும் வண்டியோடு திரும்பிப் போகவில்லை. குடத்தின் பேச்சைக் கேட்ட பிறகு அவரால் கேட்காததுபோல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. சமைக்கிற பாத்திரங்களை மட்டும் வாங்கி, புளிக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு மறைப்பு இருக்கட்டும் என்று உள்பக்கம் ஈயம் பூசிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவருடைய பிழைப்பும் அதுவாகவே ஆகிவிட்டது.

கொடையன்று ஆவுடை குடத்தோடு போனாள். பூசாரி குனிந்து பார்த்தார். முகம் தெரிந்தது, மீசையில் ஒட்டியிருந்த விபூதிகூடத் தெரிந்தது. ஒதுங்கி வழிவிட்டார்.

கொடை முடிந்து சில நாளில் குடம் மங்கத் தொடங்கியது. நம்பி பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தேச்சும் மறுபடி கறுக்கே," என்று அலுத்துக்கொண்டான். ஆவுடை துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி வைத்திருந்தாள். அன்றன்று பிழிந்த புளிச்சக்கைக்கு அதுதான் இடம். குடம் கறுக்கக் கறுக்க அவள் அதிலிருந்து எடுத்துத் தேய்ப்பாள். தேய்க்கிற நேரமெல்லாம் இரண்டும் குசுகுசுவென்று பேசிக்கொள்ளும். அவளும் அதைக் காதில் வாங்காததுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் மெதுவாகவே தேய்ப்பாள்.

ஒருநாள் பிச்சம்மாவும் தன் பழைய குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொட்டாங்கச்சியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

"நீ யாரு?" என்றது அந்தக் குடம்.

"உன்னை வெளக்குதவ," என்றாள் பிச்சம்மா. "இனிமே உன்னை உருக்க விடமாட்டேன். இன்னையில இருந்தாவது ஞாபகம் வச்சுக்கோ."

இப்போது பாத்திரங்கள் பேசுவதில்லை. புளியைப் போட்டுத் தேய்க்கும்போது மட்டும் கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது. பிழிந்த சக்கையை எறியாமல் துவைகல் ஓரம் எடுத்து வைப்பதும், தேய்த்த கையோடு கழுவிவிடுவதும் இன்றும் நடக்கிறது. குடமும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது. அன்று முதல்தான், எத்தனை பளபளவென்று தேய்த்து வைத்தாலும், செம்பு சில நாளில் மறுபடியும் கறுத்துக்கொள்கிறது.